அரசுகட்டிலும் அரியணையும்

பாண்டியன் நெடுஞ்செழியனைச் சிலப்பதிகாரம் அரசுகட்டிலில் துஞ்சியவன் என அடைகொடுத்துக் கூறும். இத்தொடர்க்குப் பொருள் எழுதப் புகும் மாணாக்கர் சிலர், அம்மன்னன் நோய்வாய்ப்பட்டுப் படுக்கையிற் கிடந்து உயிர் நீத்தான் என்று எழுதிவிடுகின்றனர். அவர்களை நோவதிற் பயனில்லை. கட்டில் என்பது இக்காலத்து வழக்கிற் படுக்கைக்கே உரிய பெயராய் ஒடுங்கிவிட்டது. துஞ்சுதலோ உறங்குதலையும் இறத்தலையும் உணர்த்தும் சொல். இரண்டும் ஓரிடத்து நின்றால் படுக்கையும் உறக்கமுமே முன்வந்து தோன்றும். ஆயினும், நூலைக் கற்பிப்போரும் இதனைச் சிறு வழுவென்று கருதி வாளா இருத்தல் தகாது. இப்பிழையால் ஒரு சொற்பொருள் கெடுவதோடு காப்பியத்தின் நடுநின்ற நிகழ்ச்சியும் உருத்தெரியாது போய்விடும்.

இதற்கு இணையான பிழையொன்று அரியணை என்னும் சொல்லின்கண்ணும் நேர்ந்துள்ளது. பெறுதற்கு அரிய அணை ஆதலின் அரியணை எனப்பட்டது என்று பிரித்துரைப்பார் உளர். மேடையிற் கேட்பதற்கு இனிதாயிருக்கும் இவ்வுரை, சிவபூசையின்கண் ஆசன வழிபாட்டின் உட்பொருளை அடியோடு மறைத்துவிடும் என்பது அவர் கருத்திற் படவில்லை. இவ்விரு பிழைகளும் அரசர்க்குரிய இருக்கையின் பெயர் பற்றியனவே ஆகலின், அப்பெயர்களின் பொருளும் பிறப்பும் ஈண்டு ஒருங்கே ஆராயப்படும்.

முதற்கண் காப்பியத்தை நோக்குக. வழக்குரை காதையின் தொடக்கத்தில் கோப்பெருந்தேவி தான் கண்ட தீக்கனவை உரைக்கின்றாள். மன்னன் அரிமான் சுமந்த அமளியின்மேல் அமர்ந்திருக்கின்றான். வாயிலோன் வந்து அறிவிக்கின்றான், கண்ணகி புகுகின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவளும், தேவியின் சிலம்பிற் பரல் முத்து என்று அரசனும் உரைக்கின்றனர். சிலம்பு உடைபடுகின்றது, மணி அரசன் வாயளவும் தெறிக்கின்றது. தன்னைத் தானே கள்வன் என்று தீர்த்துரைத்து அவன் வீழ்ந்துபடுகின்றான்; தேவியும் அவன் அடியைத் தொழுது வீழ்கின்றாள். இத்துணையும் ஓர் அவைக்களத்தில், ஒரே பொழுதில் நிகழ்ந்தன. இடையே அவன் எழுந்து பள்ளியறை புக்கான் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. ஆகவே வழக்குரை காதையில் அமளி எனப்பட்டது யாதோ, அதுவே மதுரைக் காண்டத்து இறுதிக் கட்டுரையில் அரைசுகட்டில் எனப்பட்டது. அக்கட்டுரை அவன் தேவியோடு துஞ்சினான் என்றும் கூறுதலின், படுக்கை என்னும் மயக்கம் பின்னும் வலுப்பெற்றது போலும். இருவரும் அவையின் நடுவே மாண்டனர் என்பதை முன்னைக் காதை ஐயமற உணர்த்தியிருக்க, பின்னைத் தொடருக்கு வேறு பொருள் தேடுதல் நூலை முன்பின் நோக்காமையால் வந்த குற்றமே.

துஞ்சுதல் என்பதன் வழக்கையும் சிறிது கருதுதல் வேண்டும். பழைய வேந்தர் பலர் தாம் இறந்துபட்ட இடத்தோடு சார்த்தி வழங்கப்பட்டனர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என்பன புறநானூற்றின் அடிக்குறிப்புக்களிற் பயில்வன. பிற்காலச் சோழர் கல்வெட்டுக்களிலும் இவ்வழக்கு நின்றது. சுந்தர சோழனுக்குப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று பெயர். கி. பி. 1054-இல் கொப்பத்துப் போரில் யானை மீதிருந்தபடியே பட்ட முதலாம் இராசாதிராசன் ஆனைமேல் துஞ்சினவன் எனப்பட்டான். போர்க்களத்தில் யானைமேல் உறங்கினான் என்று இதற்குப் பொருள் சொல்ல ஒருவரும் துணியார். கட்டிலின்மேல் துஞ்சியவனுக்கு மட்டும் உறக்கமும் நோயும் கற்பிப்பானேன்? இராசாதிராசனுக்கு யானை எவ்வாறோ நெடுஞ்செழியனுக்குக் கட்டிலும் அவ்வாறே. ஒருவன் போர்த்தொழில் தவறாது அதன்கண் இறந்தான். மற்றவன் முறைசெய்தற்குரிய இடத்திலே முறை தவறினமை உணர்ந்து, அவ்விடம் விட்டு எழாமலே இறந்தான். அவ்விடத்தைப் படுக்கையாக்கிவிட்டால் அவன் இறப்பிற்கு என்ன சிறப்பு எஞ்சும்?

இனி, கட்டில் என்பது கட்டு என்னும் பகுதியடியாகப் பிறந்த பெயர். கால் நிறுத்திச் சட்டம் கோத்து, கயிற்றாலோ வாராலோ கட்டப்படுதலின் அப்பெயர்த்தாயிற்று. அதன்மேற் கிடக்கலாம், இருக்கலாம், பொருளொன்றை வைக்கவுஞ் செய்யலாம். இம்மூன்றும் பழைய வழக்கில் உண்மையைப் புறநானூற்று 50-ஆம் பாட்டின் வரலாறு இனிது காட்டும். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் முரசம் நீராட்டுதற்குப் புறத்தே கொண்டுபோகப்பட்டிருந்தது. அது மீளுமுன் ஆங்கு வந்த மோசிகீரனார், வழிநடந்த இளைப்பால், மெல்லிய பூப்பரப்பிக் கிடந்த முரசுகட்டிலை இன்னதென்று அறியாது அதன்மேல் ஏறித் துயின்றார். வாளால் இருகூறு செய்தற்குரிய குற்றம் அது. சேரமானோ அவர் விழிக்குந்துணையும் கவரி கொண்டு வீசி நின்றான்.

இவ்வரலாற்றை மன்னன் பெருந்தன்மைக்கும் தமிழின் மதிப்பிற்குமே எடுத்துக்காட்டுதல் பெருவழக்கு. சொல்லாராய்வார்க்கும் அதில் ஒன்று உண்டு. புலவர் ஏமாந்தது எதனால்? முரசின் இருக்கையும் மாந்தர் படுக்கையும் வடிவால் ஒத்திருந்தமையால் அன்றோ? அவர் கண் மயங்கியதற்கு ஏது யாதோ அதுவே இக்கால மாணாக்கர் கருத்து மயங்குதற்கும் ஏது. வேற்றுமை ஒன்றே: புலவர் மயங்கியபோது விசிறுதற்கு ஓர் அரசன் இருந்தான்.

படுக்கையின் பெயரே அரசிருக்கைக்கும் ஆனது தமிழர்க்கு இருக்கை வறுமையாலன்று. நிலத்திற் பாய் விரித்து இருப்பதும் கிடப்பதுமே பொதுமக்கள் வழக்காயிருந்த காலத்தே, நிலத்தினின்றும் காலிட்டு உயர்த்தப்பட்ட எதுவும் தனிச்சிறப்பு உடையதாயிற்று. அவ்வுயர்வே பெயர்க்குக் காரணமாகலின், அதன்மேல் நிகழும் தொழில் வேறுபாட்டால் பெயர் வேறுபடவில்லை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு நக்கீரர் எத்துணை அடிகளைச் செலவிடுகின்றார் என்பது கற்றோர் அறிந்ததே. நாற்பது ஆண்டு நிரம்பிப் போரிற் பட்ட களிற்றின் கொம்பினால் இயன்றது அது. மறக்களிற்றின் கொம்பு வேண்டப்படுவது, அது வெறும் படுக்கையன்று, அரசுரிமையின் ஓர் உறுப்பு என்பதனாலே. அமளி, அணை, பள்ளி என்னும் பிற சொற்களும் இவ்வாறே கிடக்கைக்கும் அரசிருக்கைக்கும் பொதுவாய் நின்றன.

கட்டில் என்னுஞ் சொல்லை எளிதாக எண்ணும் சைவ அன்பர்க்கு ஒன்று நினைவூட்டுதல் தகும். பெருமான் ஏந்தும் படைகளுள் ஒன்று கட்டங்கம். தேவாரத்துட் பயில வழங்குவது. அது கட்வாங்கம் என்னும் வடசொல்லின் திரிபு. கட்வா என்பது கட்டில், அங்கம் உறுப்பு. கட்டிற்கால் என்பதே அப்பெயர்ப் பொருள். அவ்வடசொல்லும் கட்டில் என்னும் தமிழ்ச்சொல்லோடு உறவுடையது என்று மொழிநூலார் சிலர் கருதுவர். இறைவன் திருக்கரத்தில் இருக்கத் தகுந்த பெயர் வேந்தன் இருக்கைக்கு இழிவாதல் இல்லை.

வடநாட்டு வழக்கு வேறு. வேத வேள்விகளில் அரசனுக்கு இடப்பட்ட இருக்கையின் பெயர் ஆஸந்தி என்பது. ஐதரேய பிராமணம் அரசர் முழுக்காட்டை விரிக்கும் பகுதியில் அத்திமரத்தாற் செய்த ஆஸந்தியையும், அதன்மேல் விரிக்கும் புலித்தோலையும் கூறும். ஆண்டுச் சிங்கம் இல்லை; புலியே உண்டு. சிங்கம் இருக்கையைச் சுமக்கத் தொடங்கியது பின்னரே. அசோகன் கி. மு. 3-ஆம் நூற்றாண்டிற் சாரநாத்தில் நாட்டிய தூணின் தலையில் நான்கு சிங்கங்கள் முதுகொட்டி நிற்கின்றன. குஷாணர் காலத்து மதுரா நகரத்துப் புத்தர் திருவுருவங்களின் பீடங்களிற் சிங்கங்கள் செதுக்கப்பட்டுள. அருகக் கடவுளின் எட்டுப் பிராதிகாரியங்களிற் சிம்மாசனமும் ஒன்றாகச் சமணர் எண்ணுவர். இங்ஙனம் துறந்தோர்க்கும் வேந்தர்க்கும் ஒப்ப உரியதாகிய பின்னரே அரிமான் சுமந்த அமளி தமிழ்க் காப்பியத்துள் இடம்பெற்றது. பொருள் வடக்கினின்று வந்திருப்பினும் இளங்கோவடிகள் அதற்கு வடசொல்லை ஆளாது, தம்மிடம் இருந்த அமளி என்னுஞ் சொல்லையே ஆண்டு, சிங்கத்தை அடையாக்கினார் என்பது குறிக்கொள்ளத்தக்கது. மணிமேகலையுட் புத்தர்க்குரியதாய் வரும் இருக்கையோ பீடிகை என்னும் வடசொல்லாலேயே வழங்குகின்றது. அதன்பொருட்டு நாக நாட்டரசர் இருவர் பொருதனர் எனினும் அது அரசிருக்கை அன்மையின் கட்டில் எனப்படவில்லை போலும்.

பின்னர்ச் சிம்ஹாஸனம் என்னும் சொல்லும் வந்தது. அது தமிழுட் புகுந்த முறை இலக்கணத்திற்கு அழகிய எடுத்துக்காட்டு. வடவெழுத்துத் திரிபு கூறும் நன்னூலார், ஸகரம் சகரமாகவும் தகரமாகவும் திரியும் என்றும், ஹகரம் அகரமாகவும் ககரமாகவும் திரியும் என்றும் விதித்தார். சிங்காதனம் என்பதில் முதலில் நின்ற ஸகரம் சகரமாயிற்று. இடைநின்ற ஸகரம் தகரமாயிற்று. ஓரெழுத்திற்குக் கூறிய இருவகைத் திரிபும் ஒரு சொல்லிலேயே அமைந்தமை காண்க. ஹகரம் ஈண்டுக் ககரமாயிற்று. அதன் மற்றைத் திரிபைக் காண விரும்புவார் அரியணையை நோக்குக. ஹரி என்பதே அரி என்றாயிற்று. சிம்மாசனம் என்று இக்காலத்தார் எழுதுவதும் வழுவன்று. ஆயினும் சிங்காதனம் என்பதன் முறைமையும் ஓசையும் அதற்கு இல்லை.

அரி என்பது வடசொற்சிதைவு அன்று, அரிதல் என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ச்சொல்லே என்று வாதிப்பாரும் உளர். ஹரி எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. எனினும் அவ்வழக்கு ஈண்டு முடிவுபெறல் வேண்டா. இருதிறத்தார்க்கும் அச்சொல்லின் பொருள் சிங்கமே. சிங்கத்தை நீக்கி அருமையைப் புகுத்துவாரோடுதான் வழக்கு.

அரிய அணை என்பார் கூற்று இலக்கணத்தால் நில்லாது. என்னை? அரிய என்னும் பெயரெச்சத்தின்முன் அணை என்பது வந்தால் வகர உடம்படுமெய் பெற்று அரியவணை என்றாகும். இடையே ஓர் உயிர் கெட்டு அரியணை என்றாதற்கு விதி இல்லை. அற்றேல், அருமை என்னும் பண்புப்பெயரே புணர்ந்தது என்னலாம் எனின், அதுவும் பொருந்தாது. அப்பெயர் உயிர்முதற் பெயரோடு புணருங்கால் ஈறு கெட்டு ஆதி நீளும். அருமை + உயிர் ஆருயிர். அருமை + அமுது ஆரமுது. பெருமை + ஊர் பேரூர். இவ்வாறே அருமை + அணை என்பது ஆரணை என்றே முடிதல் வேண்டும். கருமை கரியன் என்றும் பெருமை பெரியன் என்றும் ஆகுமாறு போல இடையுகரம் இகரமாகி அரியணை என்றாயிற்று எனின், ஆண்டு வருவது விகுதி; ஈண்டு வருவது தனிநின்று பொருள்தரும் பெயர். விகுதிப் புணர்ச்சியைப் பெயர்ப்புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டுதல் ஆகாது. அரி + அணை என்று இயல்பாகப் பிரித்தால் அங்ஙனம் யாதோர் இடர்ப்பாடும் இல்லை. ஆசனத்தோடு சேருங்காலும் அரியாசனம் எனச் செவ்வனே முடியும்.

அணை என்பது அணைதற்றொழிலடியாகப் பிறந்து, உடலோடு பொருந்தத் தாங்குவதனை உணர்த்தும். தலையணை, பஞ்சணை, அரவணை என்பவற்றிற் காண்க. இவற்றுள் தலை, தாங்கப்படுவது, பஞ்சு, ஆக்கிய பொருள், அரவு, தாங்குவது. அரியணையில் அரி தாங்குவதாகலின் அது அரவணையோடு ஒருநிகரனவாம். அரி என்பது திருமாலையும் குறிக்குமாகலின், திருமாலின் அணை என்று விரித்து அரவணையையும் அரியணையையும் ஒன்றாக்குதல் சொல்விளையாட்டுக்கு ஆகும், வழக்கிற்கு ஆகாது. பகைவனையும் அரி என்பவாகலின், அவன் இருக்கை என்று கொள்ளவும் இடமுண்டு என்று நகைப்பாரும் உண்டு. சில அரசவைகளின் வரலாற்றை நோக்கின் அதுவும் முழுதும் பொய்யென்று தள்ளற்பாலதன்று.

கம்பர் இராமன் முடிசூடிய இடத்தில் அரியணை என்னும் சொல்லையே ஆள்கின்றார். அவ்வணையைத் தாங்கியவன் அனுமன். அரி என்பது சிங்கத்திற்குப் போலவே குரங்கிற்கும் பெயராதல் நிகண்டு கற்றார் அறிவர். சிங்கம் தாங்குதற்குரிய அணையை வானரம் தாங்க, இரண்டிற்கும் அரி என்பதே பெயராய் நிற்பது புலவர் கருதி அமைத்ததோ தானே அமைந்ததோ, அவ்விடத்திற்கு இனிமை தருகின்றது. அரிய அணை என்று கொண்டார்க்கு இவ்வினிமையும் இல்லையாயிற்று.

கல்வெட்டுக்களில் இருவகை வழக்கும் ஒருங்கே காணப்படும். சோழர் மெய்க்கீர்த்திகள் பெரும்பாலும் வீரசிங்காதனத்தைக் கூறும். முதலாம் குலோத்துங்கன் (கி. பி. 1070-1122) தன் பட்டத்தரசி புவனமுழுதுடையாளோடு அதன்கண் வீற்றிருந்தமை அவன் கல்வெட்டுக்களிற் பேசப்படும். வீற்றிருத்தல் என்பது வெறிதே இருத்தலன்று. வீறு என்பது பிறிதொன்றிற்கு இல்லாத சிறப்பு. அச்சிறப்புத் தோன்ற இருத்தலே வீற்றிருத்தல். ஆதலின் சிங்காதனத்தில் உட்கார்ந்தான் என்று இக்காலத்தார் எழுதுவது பொருள் குன்றிய நடையாம். பாண்டியர் கல்வெட்டுக்களோ பள்ளிப்பீடத்தைக் கூறும். அதற்குத் தனிப்பெயரும் உண்டு. மழவராயன், முனையதரையன், காலிங்கராயன் என்று வழங்கப்பட்ட பீடங்களின்மேல் எழுந்தருளியிருந்து அவ்வேந்தர் ஆணை பிறப்பித்தனர். பீடம் வடசொல்லாயினும் அதன்முன் நின்ற பள்ளி பழைய கட்டில், அமளி என்பவற்றின் வழிவந்தது. நெடுஞ்செழியன் குடியிற் பிற்காலத்துத் தோன்றிய வேந்தரும் கிடக்கைப் பெயராலேயே தம் இருக்கையை வழங்கினர் என்பது அரசுகட்டிலுக்கு இன்னும் ஒரு சான்றாகும்.

இனிச் சிவபூசைக்கு வருவாம் எனின், ஆண்டே இச்சொல்லாராய்ச்சியின் பயன் பெரிது. பெருமானை ஆவாகித்தற்கு முன் ஆசனம் வழிபடப்படும். அனந்தாசனம், சிங்காசனம், யோகாசனம், பதுமாசனம், விமலாசனம் என அது ஐந்து படியாகப் பாவிக்கப்படும். 11-ஆம் நூற்றாண்டினராகிய சோமசம்பு சிவாசாரியரும், 12-ஆம் நூற்றாண்டினராகிய அகோர சிவாசாரியரும் தத்தம் பத்ததிகளில் இதனை விதித்தனர். ஆசனத்தின் கால்கள் நான்கும் சிங்க வடிவின. தர்மம், ஞானம், வைராக்கியம், ஐசுவரியம் என்பன அவற்றின் பெயர்கள். அக்கினி மூலை தொடங்கி ஈசான மூலை ஈறாக அவை நிற்கும். கருப்பூரம்போல் வெண்மையும், குங்குமம்போற் செம்மையும், பொன்மையும், மைபோற் கருமையும் முறையே அவற்றின் நிறங்கள். ஒன்றன் பின்புறத்தை ஒன்று நோக்கி நிற்பனவாகவும், கிருதம் முதலிய நான்கு உகங்களின் வடிவாகவும் அவை தியானிக்கப்படும். அவற்றின் மறுதலையாகிய அதர்மம், அஞ்ஞானம், அவைராக்கியம், அனைசுவரியம் என்னும் நான்கும் பெருந்திசைகளில் வைத்து எண்ணப்படும்.

இவ்வெட்டும் எவை? மிருகேந்திரம் முதலிய ஆகமங்கள் புத்தி தத்துவத்தின் பாவங்களாகக் கூறிய எட்டுமே இவை. உயிர் வினைசெய்வதும், அதன் பயனை நுகர்வதும், பிறவியிற் சுழல்வதும் இவ்வெட்டின் வழியே. உயிரைச் சுமந்து திரிவன எவையோ அவை ஈண்டுச் சிவபெருமானுக்கு இருக்கையாய்க் கீழ்ப்பட்டு நிற்கின்றன. நான்காவது சிங்கத்தின் பெயர் ஐசுவரியம் என்பதைச் சிறிது உற்று நோக்குதல் வேண்டும். மண்ணாளும் வேந்தர் எதனை எய்துதற்குச் சிங்காதனம் ஏறுகின்றனரோ, அதற்காகவே உயிரையும் கொடுக்கின்றனரோ, அது இவ்வாசனத்தில் ஒரு கால், அதுவும் மைந்நிறத்தது. தர்மம் என்னும் முதற்கால் வெண்ணிறத்தது. அரசிருக்கையைச் சிங்கம் சுமப்பது வலிமையைக் காட்டுதற்கே என்று உலகியலார் கூறும் உரை ஆகமத்திற்கு ஒவ்வாது. முறை தவறியது என்று கண்டவுடன் அரிமான் சுமந்த அமளியின்மேல் இருந்தவன் உயிர் தரியாது வீழ்ந்தானே. அவன் உள்ளத்தில் அவ்வமளியைச் சுமந்தது யாது என்பது வினவவேண்டாதாயிற்று.

அரியணை என்பதை அரிய அணை எனக் கொண்டு, பூசைவிதியைத் தமிழிற் பெயர்ப்பார் அச்சொல்லை இடுவாராயின், நான்கு சிங்கங்களும் அக்கணமே மறையும். சிங்கம் மறைந்தால் தர்மம் முதலியவற்றைப் பாவிக்க நிலைக்களம் இல்லை. ஐந்து ஆசனத்தையும் வேறுபாடின்றி இருக்கை, இருக்கை என்றே பெயர்த்துச் செல்வார் செய்வதும் இதுவே. தமிழிற் பெயர்த்தல் குற்றமன்று. இளங்கோவடிகள் காட்டிய வழி அது. ஆனால் அடிகள் அமளி என்ற அளவிற் சிங்கத்தை விட்டுவிடவில்லை என்பதையும் உடன் கருதுதல் வேண்டும். சிங்காதனம் என்று எழுதினும் ஆகுக, அரியணை என்று எழுதினும் ஆகுக. அரி சிங்கமாய் நிற்குமாயின் இரண்டும் ஒன்றே.

இருக்கையிற் சிங்கம் உண்டோ இலதோ என்னும் ஆராய்ச்சி அடியார்க்கு வேண்டுவதில்லை, இருப்பவர் யாவர் என்பதே வேண்டுவது என்று மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றைக் காட்டி ஒருவர் கடாவலாம். ஆகமநூல் கொணர்ந்ததாகச் சொல்லிப் பொய்வேடத்தோடு வந்த முத்தநாதனை உயர்ந்த தவிசில் இருத்தித் தாம் நிலத்தில் இருந்தார் அந்நாயனார் என்பது உண்மையே. ஆயின் அவ்வரலாறு இருக்கையின் சிறப்பை மறுப்பதன்று. உயர்ந்த இருக்கைக்கு ஒரு மதிப்பு உண்மையாலன்றோ அதனைத் திருவேடத்திற்கு அவர் அளித்தது? மதிப்பில்லாத ஒன்றை ஈவதில் வழிபாடு யாதும் இல்லை. சேரமான் பெருமாள் நாயனார் கொடுங்கோளூரில் நம்பியாரூரரை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி வழிபட்டதும் இக்கருத்தினாலே. ஆசனத்தை முன்னர் வழிபட்டு மூர்த்தியைப் பின்னர் ஆவாகிக்கும் முறையும் அதுவே.

ஆதீனம் என்னும் சொல்லையும் ஆதனத்தின் திரிபென்று கருதி, மடத்துத் தலைவர் வீற்றிருக்கும் இருக்கையே ஆதீனம் என்பார் உளராகலின் அதனையும் ஈண்டே களைதல் நன்று. ஆதனம் ஆசனத்தின் திரிபு. ஆதீனம் அதீனம் என்பதனோடு உறவுடையது, ஒருவர் ஆட்சிக்கு உட்பட்டதனைக் குறிப்பது. இருக்கையைக் குறித்தற்குப் பீடம் என்னும் சொல் மடங்களில் தனியே வழங்குகின்றது.

பாடம் சொல்வார்க்கு ஒரு வேண்டுகோள். மாணாக்கர் ஏட்டில் அரசுகட்டில் என்பதற்கு எதிரே அரசிருக்கை என்று மட்டும் எழுதிவைப்பதினும், வழக்குரை காதையில் அமளி வரும் இடத்தையும், ஆனைமேல் துஞ்சின இராசாதிராசனையும் உடன் குறித்துவைத்தல் நன்று. அரியணைக்கு எதிரே ஆரமுது, ஆருயிர் என்னும் இரண்டு சொற்களை எழுதிவைத்தாற் போதும். எஞ்சியதை அவர்களே பிரித்துக் காண்பர்.